வட்டத்துக்குள் ஊற்றிய தண்ணீர்

மரத்தை நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். யாருடைய நெஞ்சு என்று கேட்டேன். பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களைச் சிரிக்க வைப்பதற்காக நான் கேட்கவில்லை. நான் குள்ளம்; எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஆறடிக்குக் குறையாது. அவர் நெஞ்சுக்கு நேராகச் சுற்றும் டேப்பும் என் நெஞ்சுக்கு நேராகச் சுற்றும் டேப்பும் ஒரே மரத்துக்கு இரண்டு பருமன் சொல்லும். கடைசியில் எல்லாருக்கும் ஒரே நீளத்தில் ஒரு குச்சி வெட்டிக் கொடுத்தார்கள். சரிவில் மரத்துக்கு மேற்பக்கம் நின்று, குச்சியை மரத்தோடு ஒட்டி வைத்து, அதன் நுனி தொடும் இடத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். அந்தக் குச்சி இன்னும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

அதற்கு முன்னால் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் ரைட்டராக இருந்தேன். காலையில் ஆள் எண்ணிப் பேர் எழுதுவது, எந்த வரிசையில் யார் களை எடுப்பது, யார் பழம் பறிப்பது என்று பிரித்து விடுவது, சாயங்காலம் பறித்து வந்த பழத்தை அளந்து குறிப்பது, இதுதான் ரைட்டர் வேலை. முதலாளியின் பிள்ளைகள் எஸ்டேட்டை ரிசார்ட்காரர்களுக்கு விற்றார்கள். காப்பிச் செடி இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள் வந்தன. அவற்றுக்கு ரைட்டர் தேவைப்படவில்லை. ஆறு மாதம் ஒண்டிக்கடை முக்கில் டீ குடித்துக்கொண்டு, சுற்றுலா வந்தவர்கள் கார் நிறுத்த இடமில்லாமல் சண்டை போடுவதை வேடிக்கை பார்த்தேன். அதன் பிறகுதான் இந்த மர வேலை வந்தது.

சமவெளியிலிருந்து வந்த ஓர் அறக்கட்டளை நடத்திய வேலை அது. மலைக்காரர்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்து வந்த மேட்டு நிலங்கள் பல, விதைக்க ஆளில்லாமல் கிடந்தன. ஆண்கள் சேலத்து ஓட்டல்களுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அந்த நிலங்களில் ஊர்க்காரர்களே கன்று நட்டுக் காடாக்க வேண்டும். மரம் வளரும்போது காற்றில் இருக்கும் கரியை இழுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறதாம். எங்கேயோ புகை விடுகிற கம்பெனி அந்தக் கரிக்கு ஈடாகப் பணம் கொடுக்குமாம். இதற்குக் கார்பன் கிரெடிட் என்று பேர். முதல் கூட்டத்தில் இதைக் கேட்டபோது ஆகாயத்தைக் கூறு போட்டு விற்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் அந்த நினைப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் கன்றுகள் வந்து இறங்கின. என் சம்பளமும் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வரும் பணத்தில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு, ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்கு என்று ஏற்பாடு. பொதுப் பங்கில் என்ன வேண்டும் என்று ஒவ்வோர் ஊரிலும் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். வாழவந்தி ஊருக்கு மேலே, பஸ் ஏறாத இடத்தில், பத்து வீடு உள்ள ஒரு குடியிருப்பு உண்டு. அவர்கள் தண்ணீர்க் குழாய் கேட்டார்கள். அங்கே ஊற்று பள்ளத்தில் இருக்கிறது. இறங்கப் பத்து நிமிஷம், நிறைகுடத்தோடு ஏற அரை மணி. ஊற்றில் மோட்டார் வைத்து, மேலே தொட்டி கட்டி, வீட்டு வாசல்களுக்குக் குழாய் இழுத்துத் தருவதாகப் பேசி முடித்தார்கள். நட்ட கன்றுகள் முதல் கோடையைத் தாண்டி உயிரோடு நிற்கின்றனவா என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து சரிபார்ப்பார். அவர் சரி என்று எழுதினால் முதல் தவணை வரும். அதிலேயே குழாயும் வந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் குழாய் வேண்டும் என்று முதலில் எழுந்து கேட்டவளை எனக்கு நன்றாகத் தெரியும். என் எஸ்டேட்டில் பதினைந்து வருஷம் பழம் பறித்தவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் சேலத்தில் ஓட்டல் வேலை, மாதம் ஒரு முறை வருவான். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த ஊற்றிலிருந்து சுமக்கிறாள். எஸ்டேட்டில் அவளை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அறக்கட்டளையில் சேர்ந்ததும் எல்லாரையும் ‘நீங்க’ என்று சொல்ல வேண்டும் என்றார்கள். முதல் நாள் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேச்சில் மாற்றிக்கொண்டேன்; எழுதும்போது பழைய வழக்கம்தான் வருகிறது.

மழைக்காலத்தில் அவள் சரிவு முழுக்க நட்டோம்; அந்தக் குடியிருப்பில் விதைக்காமல் கிடந்த நிலம் அது ஒன்றுதான். நாவல், வேங்கை, பலா, பட்டர்புரூட், ஓரங்களில் சில்வர் ஓக். அவள் நிலம் வீடுகளுக்கும் மேலே இருக்கிறது. குழிகளை எல்லாம் அவளே வெட்டினாள்.

இத்தனை கன்றுகளையும் ஒவ்வொன்றாக யாரும் எண்ண முடியாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அங்கங்கே ஒரு புள்ளியைக் காட்டும். அந்த இடத்தில் ஓர் இரும்புக் கம்பியை மண்ணுக்குள் மறையும்படி அடித்துவிட்டு, அதிலிருந்து கயிறு பிடித்து ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் நிற்பதை மட்டும் எண்ணினால் போதும். உள்ளே பத்தில் எட்டு பிழைத்திருந்தால் அந்தச் சரிவு முழுக்கப் பத்தில் எட்டு பிழைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். வட்டம் எங்கே இருக்கிறது என்று நிலத்துக்காரருக்குச் சொல்லக் கூடாது. பயிற்சியில் இதை இரண்டு முறை சொன்னார்கள். நான் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் மேலே போயிருந்தேன். அவள் கருப்புக் காப்பி கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

“ஏனுங்க ரைட்டரே, இத்தன கன்னையும் அவங்க வந்து எண்ணிப் பாப்பாங்களாங்க?”

“எண்ண மாட்டாங்க அம்மிணி. அங்கங்க ஒரு வட்டம். அதுக்குள்ள மட்டுந்தான்.”

“எங்க நெலத்துல எங்கீங்க?”

குச்சியை நீட்டிக் காட்டினேன். “அந்தப் பெரிய பலாவுக்குக் கீழ, பாறைக்கு இந்தப் பக்கம். நடுவுல இரும்புக் கம்பி, சுத்திலும் பன்னெண்டு எட்டு.”

தலையாட்டினாள். பேச்சு அவ்வளவுதான். அடிக்கோடு போட்டது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் எஸ்டேட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

முதலாளி மாதம் ஒரு முறை ஜீப்பில் தோட்டம் பார்க்க வருவார். எந்தப் பாதையில் வருவார் என்பதை டிரைவர் எனக்கு முந்தின நாளே சொல்லிவிடுவார். உடனே ஆட்களை அந்தப் பாதையில் இறக்குவேன். ஜீப்பிலிருந்து கண்ணுக்கு எட்டுவது நாலு வரிசை. அந்த நாலு வரிசைக்கும் களை எடுத்து, சருகு ஒதுக்கி, அவிழ்ந்து தொங்கும் மிளகுக் கொடியை மரத்தோடு கட்டி, பாதையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்போம். ஐந்தாவது வரிசையில் பாம்பு குடும்பம் நடத்தும். இது முதலாளிக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். யாரும் இதை ஏமாற்று என்று சொன்னதில்லை. பார்க்க வருகிறவருக்குக் காட்டும் மரியாதை, அவ்வளவுதான். எந்தப் பாதை என்று ஆட்களுக்குச் சரியாகச் சொல்கிறவன் நல்ல ரைட்டர். நான் நல்ல ரைட்டர். அந்த வேலைக்கு நான் முதலில் கூப்பிடும் ஆள் இவள்தான். கை வேகம் அதிகம். நாலாவது வரிசையோடு நிறுத்த வேண்டும் என்று இவளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்த வருஷம் பூ மழை வரவில்லை. மாசி, பங்குனியில் பெய்யும் மழை அது. காப்பி பூப்பதே அதை நம்பித்தான். சித்திரையில் வெயில் மலை என்றும் பாராமல் காய்ந்தது. கீழே டவுனில் என் வீட்டுக் குழாயிலேயே மூன்று நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் விட்டார்கள். அதற்கே தெருவில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். சரிபார்ப்பவர் வருவதற்கு முன்னால் நான் ஒரு முறை எண்ணிப் பதிய வேண்டும். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம் மேலே ஏறினேன்.

சரிவில் கால் வைத்ததுமே மனசு விட்டுப் போனது. கன்று எல்லாம் விறகுக் குச்சி. ஒடித்தால் சத்தம் கேட்டது. குழாய் போச்சு என்று நினைத்துக்கொண்டே பலா மரத்துக்குக் கீழே போனேன். அங்கே பச்சை. ஒவ்வொரு கன்றும் இடுப்பு உயரம், தளதளவென்று நின்றது. ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் கல் அடுக்கி, பாத்தி கட்டி, சாணி கரைத்து விட்டு, மேலே சருகு மூடியிருந்தது. கம்பியிலிருந்து கயிற்றைப் பிடித்து வட்டம் போட்டேன். கயிறு எங்கே முடிந்ததோ அங்கே பச்சையும் முடிந்தது. அதற்கு ஓர் அடி வெளியே நின்ற நாவல் கன்று கருகிக் கிடந்தது.

ஊற்றுப் பக்கமிருந்து அந்த வட்டம் வரை புதிதாக ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. குனிந்து பார்த்தால் மண்ணில் அவள் கால்தடம்தான், போனதும் வந்ததும். அந்தப் பாதையில் கொஞ்ச நேரம் நின்றேன். அவளே குடத்தோடு ஏறி வந்தாள்.

“எப்ப இருந்து இது?” என்றேன்.

“பூ மழ வராதுன்னு தெரிஞ்ச நாள்ல இருந்துங்க.”

“ஒரு நாளைக்கு எத்தன குடம்?”

“காத்தால ரெண்டு, பொழுது சாய ரெண்டுங்க. ஒரு நாளு மேல் பாதிக்கு, மறுநாளு கீழ் பாதிக்கு. ஊட்டுக்கு எடுக்கறது அது தனிங்க.” குடத்தை இறக்கி வைத்தாள். கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. “நொம்பக் கஷ்டந்தானுங்க. ரெண்டு கன்னக் காட்டெருமை மிதிச்சுப் போட்டுச்சு. மத்ததெல்லாம் காப்பாத்திட்டேன். இனி அவங்கள வரச் சொல்லுங்க. குழா வந்துருமில்லீங்க?”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று உடனே பிடிபடவில்லை. முகம் முழுக்கப் பெருமையாக நின்றாள். நாலு வரிசை முடித்துவிட்டுக் கூடையோடு நிற்கும்போது இருக்குமே, அதே முகம். “வரும்” என்று சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கினேன். முப்பத்திரண்டில் முப்பது உயிரோடு. போனில் பதிந்தேன். கீழே இறங்கும்போது யோசித்தேன். நான் பதிந்ததில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. இருந்தும் மொத்தமும் பொய்.

யாரிடமும் சொல்லவில்லை. குழாய் வரட்டும், அடுத்த மழையில் செத்த கன்றுக்கெல்லாம் மறு நடவு செய்துவிடலாம், என்ன கெட்டுப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு வாரம் ஓடியது.

சரிபார்ப்பவர் வந்தார். முப்பது வயதுக்காரர், மரியாதையான ஆள். வண்டியை வாழவந்தியில் நிறுத்திவிட்டு என்னோடு நடந்தே ஏறி வந்தார். போனைப் பார்த்துப் பார்த்து நேராக வட்டத்துக்குத்தான் போனார். சுற்றிலும் அதிகம் பார்க்கவில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். எண்ணினார். முப்பது. “சார், உங்க கணக்கும் எங்க கணக்கும் அப்படியே இருக்கு” என்று கை கொடுத்தார். அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பாதி குடித்துவிட்டு, மிச்சத்தை வீணாக்காமல் பக்கத்திலிருந்த கன்றின் அடியில் ஊற்றினார். அவள் சிரித்துவிட்டாள். நான் கயிற்றைச் சுருட்டினேன்.

அளவுகளை அனுப்ப அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. பாறை மேல் ஏறினால் கிடைக்கும் என்று சொன்னதும் நான்தான். ஏறினார். போனை உயர்த்திப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுக்கத் தெரியும். காய்ந்த மண்ணில் பச்சைப் பொட்டு வைத்ததுபோல அந்த ஒரு வட்டம் தெரிந்திருக்கும். மெதுவாக இறங்கி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“இந்த இடத்துக்கு மட்டும் தண்ணி ஊத்துனீங்களாம்மா?”

“ஆமாங்க” என்றாள். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

“இங்கதான் அளப்போம்னு உங்களுக்கு யார் சொன்னது?”

அந்தக் கேள்வியில் என்னவோ இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதற்கும் பழக்கம் வேண்டும். முதலாளி எதிரில் நின்று கேட்கும்போது எஸ்டேட் ஆட்கள் யாரும் ரைட்டர் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

“யாரும் சொல்லலீங்க. களை வெட்டறப்ப மம்புட்டில இரும்பு தட்டுப்பட்டுச்சுங்க. ஆபீஸ் சாமான்னு நெனச்சனுங்க.”

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, “சார், உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“தண்ணி ஊத்துனது போன வாரம் வந்தப்பத்தான் தெரியும்” என்றேன்.

இதிலும் பொய்யில்லை. இந்த வித்தையில் நான் தேர்ந்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது, வெட்கமாக இருந்தது. ஆனாலும் மேற்கொண்டு வாய் திறக்கவில்லை.

அந்த வட்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே சரிவில் வேறு வட்டங்கள் போட்டு வேறு ஆட்கள் எண்ணினார்கள். கிடைத்ததெல்லாம் குச்சிதான். அந்தக் குடியிருப்புக்கு முதல் தவணை இல்லை, மழைக்கு மறு நடவு செய்து அடுத்த கோடையைத் தாண்டினால் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. குழாயும் அதோடு தள்ளிப் போனது. கீழ் ஊர்களில் தப்பித்துவிட்டார்கள். அங்கே ஈரம் கொஞ்சம் இருந்தது.

நான்கு நாள் கழித்து அறக்கட்டளையின் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். வட்டத்தைக் காட்டியது நான்தான், அந்த அம்மா பேரில் தப்பு இல்லை என்று சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். போக வேண்டும் என்றே ஒரு பக்கம் விரும்பினேன். அவர், இனிமேல் அந்தப் பக்கம் மட்டும் நீங்கள் அளக்கப் போக வேண்டாம் என்றார். அப்படியானால் குழாய் என்று இழுத்தேன்.

“யார் சொன்னா என்ன சார், செத்த கன்னு செத்ததுதானே?” என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான்.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. குச்சியை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வாழவந்தி வரை பஸ்ஸில் போய் மேலே ஏறினேன். அவள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மறு நடவு செய்துகொண்டிருந்தாள். பழைய குழியில் காய்ந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கன்றை வைத்து மண் தள்ளினாள். நானும் குனிந்து நாலைந்து கன்று எடுத்துக் கொடுத்தேன். முதுகு வலித்தது. பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன்.

“நாந்தான் எடத்தக் காட்டுனேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன் அம்மிணி.”

நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்குங்க? நாந்தான் மம்புட்டின்னு சொல்லிப்போட்டனே. உங்களுக்கு எதாவது ஆச்சுங்களா?”

“ஒண்ணும் ஆகல.”

“அப்பச் சரிங்க” என்று அடுத்த குழிக்கு நகர்ந்தாள். நிஜமாகவே அவளுக்கு நிம்மதி. நான் இன்னொரு கன்றை எடுத்து நீட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

“அடுத்த கோடைக்கு எங்கீங்க பாப்பாங்க?”

“தெரியாதுங்க அம்மிணி. இனி எனக்குச் சொல்ல மாட்டாங்க. எங்க வேணாலும் பாப்பாங்க.”

கை மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். பலா மரத்திலிருந்து சரிவின் கீழ்க்கோடி வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஊற்று இருக்கும் பள்ளத்தைப் பார்த்தாள்.

“அப்ப எல்லாத்துக்கும் ஊத்தோணுமுங்க” என்றாள்.

குறை சொல்லும் குரல் இல்லை அது. காலையில் நான் வரிசை பிரித்துக் கொடுத்ததும், இன்றைக்கு இவ்வளவா என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் கூடையை எடுப்பாளே, அந்தக் குரல். அந்தச் சரிவில் மொத்தம் எத்தனை குழி என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனையையும் வெட்டியவள் அவள்தான்.